கவிழ்த்து வைத்த கவர்

தொண்ணூறுகளின் கடைசியில் பொம்மனஹள்ளியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரரின் ஃபேக்டரிச் சம்பளம் ஒன்றுதான் வருமானம். சம்பளம் வந்ததும் வாடகை, பால், கேஸ், ஆஸ்பத்திரி என்று தனித்தனிக் கவரில் போட்டு அலமாரியில் நிறுத்தி வைப்பேன். தீர்ந்துபோன கவரைக் குப்புறக் கவிழ்த்துவிடுவேன். அடுத்த சம்பளம் வரை அந்தச் செலவைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கடன் வாங்காமல் குடித்தனம் நடத்துகிறேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த மாதம் மகளுக்கு டைஃபாய்டு வந்ததில் ஆஸ்பத்திரிக் கவர் சீக்கிரமே கவிழ்ந்துவிட்டது. ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பி ஷூ மாட்டக் குனிந்த என் வீட்டுக்காரர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. பக்கத்து வீட்டுக்காரர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஹார்ட் அட்டாக்.

"நாள் கணக்கா வலி இருந்திருக்கு. ஏம்மா இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வர்றீங்க?" என்று டாக்டர் கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் கண் விழித்ததும் கேட்டேன். "கவர் கவுந்து கெடந்துச்சே. சம்பளம் வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தேன்" என்றார், ஏதோ தப்பு செய்தவர் மாதிரி.

என் கம்மலும் வளையலும் அடகுக்குப் போயின. மனுஷன் பிழைத்தார்.

இப்போதும் கவர் போடுகிறேன், தீர்ந்தால் கவிழ்க்கிறேன். ஆஸ்பத்திரிக் கவரை மட்டும் கவிழ்ப்பதே இல்லை. உள்ளே ஒரு ரூபாய் இல்லாவிட்டாலும் அது நிமிர்ந்தேதான் நிற்கும்.