எடைமேடையில் முதலாளியின் பைக்

பங்காருபாளையத்தில் மாங்காய் டிராக்டர்களுக்கு எடை போடும் இடத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாக மாற்றியதும் எங்கள் பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆன் செய்துவிட்டு டீ குடித்து வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"சீசன் ஓடிக்கினு இருக்குதும்மா, புதுசு வாங்கிடலாம்" என்றார் முதலாளி.

"ஒருநாள் குடுங்க சார்" என்றேன்.

ஆன் செய்ததும் தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்களையெல்லாம் மொத்தமாக அணைத்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் சட்டென்று திறந்தது. என் பெருமை முதல் டிராக்டர் வரும்வரைதான். எடைமேடையில் வண்டி நிற்கிறது, திரையில் பூஜ்யம்.

"இன்னாக்கா, லோடு ஏத்திக்கினு வந்தா ஒண்ணுமே இல்லன்னு காட்டுது?" என்றார் டிரைவர்.

மேடையின் எடையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் புரோகிராமையும் சேர்த்து அணைத்திருக்கிறேன். அதை மட்டும் திரும்ப ஓடவிட்டதும் எடை வந்தது. வேகமும் குறையவில்லை.

இப்போது தானாக ஓடும் புரோகிராம்கள் புதிதாக வந்து சேர்ந்தால், ஒவ்வொன்றாகத்தான் அணைக்கிறேன். அணைத்ததும் முதலாளியைப் பைக்கோடு மேடையில் ஏறச் சொல்வேன். எடை தெரிந்தால்தான் அடுத்தது. புதுக் கம்ப்யூட்டர் பேச்சையே விட்டுவிட்ட அவர், "ஏறிட்டேம்மா, பாத்துக்கோ" என்று மேடையிலிருந்து குரல் கொடுக்கிறார்.