பூட்டு என்னிடம், சாவி வாசுகியிடம்

சேரின் மகள் வாசுகியின் அழைப்பு வந்தபோது நான் உடை மாற்றும் அறையில் தலைத்தொப்பியைக் கட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, அப்பா போயிட்டார். விடியப்புறம், நித்திரையிலேயே" என்றாள். வெளியே நண்டு அவிக்கும் கொப்பரையிலிருந்து நீராவி கிளம்பிவிட்டது. அந்த ஆவிக்குள் துறைமுகமும் கப்பல்களும் இருந்தும் இல்லாமலும் தெரிந்தன. சேர் இருந்திருந்தால் அந்த இடத்தில் நின்று இரண்டு நிமிடமாவது பார்த்திருப்பார்.

குலசிங்கம் சேர் எங்கள் நண்டுத் தொழிற்சாலையின் முதல் மனேச்சர். உள்துறைமுகக் கரையில் இருக்கும் இந்தக் கட்டடத்தில் பெண்கள் வரிசையாக இருந்து அவித்த நண்டின் சதையை எடுக்கிறோம். அது தகரத்தில் அடைபட்டு வெளிநாடு போகிறது. நெடிய, ஒல்லியான மனிதர் அவர். மேசையில் மண்ணிறத் தாள் உறை போட்ட ஒரு தடித்த புத்தகம் எப்போதும் கிடக்கும். ஜப்பான் எப்படித் தொழிற்சாலை நாடானது என்பதைப் பற்றிய புத்தகம். இளமையில் பயிற்சிக்காக ஜப்பான் போய் ஆறு மாதம் இருந்தாராம். மீன் பதனிடப் படிக்கப் போனவர், ஒரு விடுமுறை நாளில் பழைய பட்டு ஆலை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

அவரை நான் அறிந்த விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். உணவுத் தொழிற்சாலை என்பதால் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை. தாதி ஒருவர் இரத்தம் எடுத்துச் சின்னக் குழாய்களில் விட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து வான் வண்டியில் ஏற்றியதை நான் கண்டேன். கண்டதோடு நிற்கிற வாயா என்னுடையது? பெட்டைகளின் இரத்தத்தை ஐஸ் போட்டு எங்கோ அனுப்புகிறார்கள் என்று பஸ்ஸில் சொன்னேன். பஸ் எங்கள் ஊர் சல்லிக்கு வந்து சேருவதற்குள் இரத்தம் ஜப்பானுக்கே போய்விட்டது. மறுநாள் ஒருவரும் வேலைக்கு வரவில்லை. தொழிற்சாலையில் புத்தம்புது ஏப்ரன்கள் தொங்கியபடியே கிடந்தன.

சேர் கோபிக்கவில்லை. எங்கள் கரையில் மீன் ஏலம் போடும் கொட்டகைக்கு வந்து, பெட்டைகளின் தாய்மாரைக் கூப்பிட்டு இருத்தி, கதை சொன்னார். அந்தப் பட்டு ஆலையைக் கட்டத் தொடங்கியபோது அந்த ஊரில் செங்கல் சுடத் தெரிந்தவர்களே இல்லையாம். ஓடு சுடுகிறவர்களைக் கூப்பிட்டு, இப்படியொரு கல் வேண்டும் என்று கேட்டுச் சுடுவித்தார்களாம். இயந்திரத்தை இயக்கப் பழக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்கள் சிவப்பு வைன் குடித்ததைக் கண்ட சனம், வெளிநாட்டார் பெட்டைகளின் இரத்தம் குடிக்கிறார்கள் என்று பரப்பிவிட்டது. ஆலை தயார், வேலைக்கு ஆளில்லை. சொல்லும்போது அவருடைய கண் எங்களில் இல்லை, கடலுக்கு அப்பால் எங்கோ இருந்தது. எனக்கு அந்தச் செங்கல் சுவர் தெரிந்தது. தலை குனிந்து நூல் எடுக்கும் பெட்டைகளும் தெரிந்தார்கள், ஆனால் எல்லோருக்கும் எங்கள் ஊர் முகம்.

"அந்த ஆலை மனேச்சர் என்ன செய்தவர் தெரியுமே? தன்ரை மகளைத்தான் முதல் அனுப்பினவர். நாளைக்கு என்ரை மகள் வருவா" என்றார்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வாசுகி, பின்வரிசையில் நின்றாள். அவளை அவர் கேட்டிருக்கவே இல்லை என்பது அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. ஆனாலும் மறுநாள் வந்து, நாங்கள் ஜன்னலால் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க, இரத்தம் எடுக்க இடது கையை நீட்டினாள். அடுத்ததாக நான் நீட்டினேன். வாய்க்கொழுப்புக்கு அதுதான் தண்டனை என்று நினைத்துக்கொண்டேன். வதந்தி என்னுடையது என்று சேருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. ஆறு மாதத்தில் என்னை மேற்பார்வைக்குப் போட்டார். ஊருக்கு ஒரு செய்தி போகவேண்டுமென்றால் இந்தப் பரமேசைவிட வேகமான வழி இல்லை என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தார்.

அந்த நாட்களில் நாங்கள் உள்ளே போனதும் வாசல் கேற்றைப் பூட்டிவிடுவார்கள். சரக்குக் களவு போகும் என்று காரணம். ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருக்கும்போது, எங்களோடு வரிசையில் வேலை செய்துகொண்டிருந்த வாசுகி கேட்டாள்: "அப்பா, மற்றப் பாதியை ஏன் இவைக்குச் சொல்லேல்லை?" அவள் அந்த ஜப்பான் புத்தகத்தை வாசித்து முடித்திருந்தாள். பிறகு வந்த ஆலைகளில் பெட்டைகளை விடுதிக்குள் வைத்துப் பூட்டினார்கள், ஜன்னலுக்குக் கம்பி போட்டார்கள், இருமல் நோய் வந்தவர்களைச் சாக வீட்டுக்கு அனுப்பினார்கள். கப்பலும் இரும்பும் அந்தப் பட்டை விற்ற காசில்தான் வந்தன. இதையெல்லாம் அவளே எங்களுக்குச் சொன்னாள். சேர் சோற்றைக் குழைத்தபடியே இருந்தார். கை கழுவ எழும்பியபோது தட்டில் முக்கால்வாசி மிச்சம்.

மறுநாள் காலை கேற்றிலிருந்து பூட்டைக் கழற்றி என்னிடம் கொண்டுவந்தார். சாவி போட்டால்தான் பூட்டவும் திறக்கவும் ஏலுமான பழைய பித்தளைப் பூட்டு. "இதை நீங்கள் வைச்சிருங்கோ. சாவி வாசுகியிட்டை. என்னட்டை இருந்தால் ஒரு நாளைக்குப் பூட்டிப்போடுவன்" என்றார். நல்லவர் என்று பெயரெடுத்த எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். தன்னை நம்பவேண்டாம் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அந்த நாளும் வந்தது. சல்லி அம்மன் கோயில் பொங்கலன்று பெரிய ஓடர் முடியாமல் கிடந்தது. பெட்டைகள் மத்தியானமே புறப்பட ஆயத்தம். முதலாளி கொழும்பிலிருந்து போனில் கத்தினார், சரக்கு முடியும்வரை கேற்றைப் பூட்டு என்று. சேர் என் முன்னால் வந்து நின்றார். வேர்த்திருந்தது.

"பரமேஸ், அந்தப் பூட்டைத் தாங்கோ. சாவியை வாசுகியிட்டை வாங்கிறன். இண்டைக்கு மட்டும்."

"ஏலாது சேர்."

அவர் அசையவில்லை. "சந்தையிலை புதுப் பூட்டு விக்கினம். ஏன் என்னட்டை வந்தனீங்கள்?" என்று கேட்டேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மறுக்கவேண்டும் என்றுதான் அந்த மனிதர் என்னிடம் வந்திருக்கிறார். போய் ஏப்ரன் கட்டிக்கொண்டு வரிசையில் இருந்தார். பாதிப் பெட்டைகள் கோயிலுக்குப் போனார்கள், மற்றவர்கள் அவரைப் பார்த்துவிட்டு நின்றார்கள். நண்டு ஓடு கிழித்து அவருடைய விரல்களெல்லாம் சிவந்துபோயின. அப்படியிருந்தும் சரக்கு ஒரு நாள் பிந்தியது. முதலாளி அதை மறக்கவில்லை. ஓய்வு பெறும்வரை சேருக்கு ஒரு உயர்வும் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நான் ஒருமுறை குறைப்பட்டபோது, பூட்டு பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

செத்தவீட்டன்று தொழிற்சாலைக்கு விடுமுறை. வழக்கமாகப் பொழுதுபட்டால் காவலாளி கேற்றடியில் கதிரை போட்டு இருப்பார். அன்று அவரும் சேரை வழியனுப்ப வரவேண்டும் என்றார். கேற்றை என்ன செய்வது என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூட்டை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனேன். வருசத்துக்கு ஒருமுறை எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருந்தேன்.

எங்களில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. அப்பாவோடு தொழிற்சாலைக் கேற்றடி வரைக்கும் வருவேன் என்று வாசுகி பிடிவாதமாக நின்றாளாம். சேரைக் கொண்டுவந்த வாகனம் துறைமுகப் பாதையில் மெல்ல வந்து எங்கள் முன்னால் நின்றது. அவள் இறங்கிக் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். மட்டக்களப்புக்குப் படிக்கப் போனபோதும், கலியாணம் முடித்தபோதும் அவளோடு போன சாவி. என்னைக் கேட்காமல் முதல் ஆளாக அனுப்பினார் என்று அப்பாமேல் நெடுநாள் கோபம் இருந்தது, இது கைக்கு வந்த பிறகு அந்தக் கோபத்தைத் தேடியும் கிடைக்கவில்லை என்றாள். பூட்டுக்குள் போட்டுத் திருப்பினாள். இலேசாகத் திரும்பியது.

"பூட்டுவமா அக்கா?"

"ஏலாது" என்றேன்.

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்தில் கிடந்த வலைக்கயிறு ஒன்றை எடுத்து, ஒரு குழந்தைகூட அவிழ்க்கக்கூடிய முடிச்சாகக் கேற்றில் போட்டோம். வாகனம் புறப்பட்டது. கடற்காற்றுக்குக் கேற் கொஞ்சம் திறந்தது, பிறகு சாத்திக்கொண்டது.

போய்வாருங்கள் சேர். நாங்கள் பூட்டவில்லை.