ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கிற அன்புக்கரசி, தன் ஒரே பெண் வினிதாவை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்த அன்று தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தாள்.

வினிதா பேச மாட்டாள், கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். விளையாட விட்டால் செருப்புகளை வரிசையாக அடுக்குவாள். ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் மெர்லின் டைரியில் எழுதி அனுப்பினார்: அடங்காத பிள்ளை, வீட்டில் வளர்ப்பு சரியில்லை. பக்கத்து வீட்டுப் பெண் படித்துச் சொன்னாள். அன்புக்கரசி அதை நம்பினாள். நம்பித்தான் மூன்று வருஷம் பெண்ணை அடித்தாள்.

நாலாவது படிக்கும்போது ஸ்போர்ட்ஸ் டே வந்தது. மணலியில் இன்ஜினியராக இருக்கும் ரகுபதி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகளும் வினிதாவோடு ஒண்ணாங்கிளாஸிலிருந்து படிப்பவள்தான். காதில் ஹெட்போன் மாட்டி, கூடவே ஒரு தனி டீச்சர். காதில் என்னவென்று அன்புக்கரசி கேட்டாள்.

"ஆட்டிசம்மா. சத்தம் தாங்காது. ஒண்ணாங்கிளாஸ்லயே மெர்லின் மிஸ்தான் கண்டுபிடிச்சு டாக்டர்கிட்ட அனுப்பினாங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அத்தனையும் வினிதா.

அரசு ஆஸ்பத்திரிக்கு மூன்று மாதம் நடந்து, வினிதாவுக்கும் ஆட்டிசம்தான் என்று சீட்டு வாங்கினாள். சின்ன வயதிலேயே கூட்டி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். திரும்பும் பஸ்ஸில், பெண்ணின் முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். வினிதா முதுகை ஒடுக்கிக்கொண்டாள்.

மறுநாள் மெர்லின் சீட்டைப் படித்தார். பொல்லாத மனுஷி இல்லை, முகம் வெளுத்துவிட்டது.

"குப்பத்துப் பசங்க கொஞ்சம் அப்படித்தான் இருப்பாங்கன்னு நெனச்சுட்டேன்மா."

"ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான டீச்சர் குந்திகினு இருந்தாங்க?"

மெர்லின் அவளைப் பிரின்சிபால் அறைக்குக் கூட்டிப்போனார்.

பதில் பிரின்சிபாலிடம் இருந்தது. இந்த மாதிரிப் பிள்ளைக்கு இங்கே வசதி இல்லை, டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே மைதானத்தில் ரகுபதியின் மகள் தன் டீச்சரோடு பந்து உருட்டிக்கொண்டிருந்தாள். அன்புக்கரசி அந்தப் பக்கம் கை காட்டினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது வினிதா மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவது. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி. அந்த நாட்களில் அன்புக்கரசி கூடையை எடுப்பதில்லை. பயிற்சிக்கு வருகிற மற்ற பிள்ளைகளுக்கு மூன்று வயது, நாலு வயது. அவர்களுக்கு வாங்கிப் போட்ட குட்டி நாற்காலியில், முழங்கால் இடிக்க, பத்து வயது வினிதா உட்கார்ந்து 'அம்மா' சொல்லப் பழகுகிறாள்.