பாத்தி குடிக்கும் சத்தம்

1

வானொலியில் என்னைத் தற்காலிகமாகத்தான் எடுத்திருந்தார்கள். எண்பதுகளின் தொடக்கம். முதல் வேலை, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனைப் பெண்கள் சேர்ந்து செய்த பொதுத் தோட்டத்தை ஒலிப்பதிவு செய்வது. புறப்படும்போது பொறுப்பதிகாரி சொன்னார்: "பேட்டி இல்லாம வந்தா நாளைக்கு வேலைக்கு வராத." வீட்டில் நான்கு வாய், உழைப்பது நான் ஒருவன்.

பக்கத்து நெசவுச்சாலைத் தறிகளின் இரைச்சலில் வேறெதுவும் பதியவில்லை. நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கோடு தறிகள் நின்றன. அப்போது பார்த்துப் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மைக்கைக் கண்டால் கத்தரிச் செடிக்குப் பின்னால் ஒளிகிறார்கள்! "ரேடியோல எங்கட குரல் போனா ஊரு சிரிக்கும் காக்கா" என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் சுலைஹா. என்னைவிட இளையவள், புருசன் சவூதியில்.

தண்ணீர்ச் சத்தமாவது கிடைக்கட்டும் என்று மைக்கைக் கிணற்றுக்கட்டில் வைத்து, டேப்பை ஓடவிட்டு, நிழலில் போய் உட்கார்ந்தேன். திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினால் சுலைஹாவின் குரல். தோழிக்குத் தண்ணீர் விடும் விதம் சொல்லிக்கொண்டிருந்தவள், திடீரென்று குரலைத் தாழ்த்துகிறாள்: "அவர்ட கடதாசி வந்து நாலு மாசம். மாமிக்கிட்ட வந்திச்செண்டு பொய் செல்லிட்டிருக்கன்."

ஒலி பதிந்திருந்த லெவல் அவ்வளவு அழகு. பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியைப் போட்டால் என் வேலை தப்பும் என்றுதான் முதலில் நினைத்தேன், பொய் சொல்வானேன்? அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஹெட்போனைக் கொடுத்தேன். கேட்டதும் வெளிறிப்போனாள்.

"அழிச்சிருங்க காக்கா."

"முன்பாதிய மட்டும் வெச்சிக்கவா?"

"என்ட குரல் ஊருக்கே தெரியும். முழுக்க அழிங்க."

அவள் கண்முன்னே அழித்தேன். பிறகுதான் பொறுப்பதிகாரி சொன்னது நினைவுக்கு வந்தது.

2

"ஒங்கட வேலைக்கு ஏதும் வருமா?" என்று கேட்டாள்.

"போகும் தங்கச்சி" என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே.

பூவாளியை எடுத்தாள். "சத்தந்தானே வேணும்? மைக்க மண்ணோட வைங்க." காய்ந்த பாத்தியில் ஊற்றினாள். சொர்ரென்று மணல் உறிஞ்சியது. ஊற்ற ஊற்றச் சத்தம் தணிந்து, கடைசியில் சளக் சளக் என்றது. டேப்பை நிறுத்தச் சொல்லி, "இப்ப பாத்திக்குப் போதும். இதுக்கு மேல விட்டா வேர் அழுகிடும்" என்றாள். மற்றப் பெண்களும் வந்தார்கள். பிஞ்சு வெண்டிக்காய் டக்கென்று முறிவதையும், முற்றினது சத்தமில்லாமல் வளைவதையும் காட்டினார்கள்.

அவர்கள் சொன்னதை நான் என் குரலில் பேசிச் சேர்த்தேன்.

நிலையத்தில் பொறுப்பதிகாரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "பேட்டி எங்க?"

"இல்ல சேர்."

டேப் ஓடியது. சளக் சத்தம் வந்ததும் நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி போட்டார்.

"அட அல்லாஹ்வே! எங்கட ஊட்டு மிளகாப் பாத்தி ஒவ்வொரு நாளும் இந்தச் சத்தந்தான் போடுது. அதானா அழுகிச் சாகுது? ஆரு செல்லித் தந்த?"

"பேர் செல்ல மாட்டன் சேர்."

டேப்பைக் கழற்றி உறையில் போட்டார். "நாளைக்கும் வா" என்றார்.

அவர் சொன்ன அந்த 'நாளைக்கு', நான் ஓய்வுபெறும்வரை நீண்டது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: அனுமதி கேட்காமல் எடுத்ததை, எவ்வளவு நன்றாக விழுந்திருந்தாலும், அழித்துவிடுங்கள். அல்ஹம்துலில்லாஹ், என் பிள்ளைகள் தின்ற சோற்றில் அவளுக்கும் பங்குண்டு. சுலைஹா என்று எழுதியிருக்கிறேனே, அது அவள் பெயரல்ல. உண்மைப் பெயரை என் மனைவிக்குக்கூட நான் சொன்னதில்லை.