துள்ளாத தண்ணீர்

ஜெயவேல் இருபத்து மூன்று வருடமாகக் கையால்தான் பேசுகிறார். திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், கிரேனுக்கு சிக்னல் காட்டுகிற வேலை. சுட்டுவிரலை மேலே நீட்டிச் சுழற்றினால் பெட்டி ஏறும். கையை முஷ்டியாக மூடினால் அந்தரத்தில் நிற்கும். எம்.கே.பி. நகர் வீட்டிலும் அதே பழக்கம்தான். சோறு போதும் என்பதற்கு முஷ்டி. மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கார் ரிவர்ஸ் எடுத்தபோது அவர் காட்டிய சிக்னலில் பேண்டு வாத்தியமே நின்றுவிட்டது.

அப்படிச் சிக்னல் காட்டுகிற வலது கையின் தோள்தான் இறுகிப்போனது. கை நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. உடனே சூப்பர்வைசர் ராமதாஸ் ஒரு விதியைக் கண்டுபிடித்தார்: இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க முடியாதவன் யார்டுக்குள் நிற்கக் கூடாது. உலகத்தில் சரணடைகிறவன்தான் இரண்டு கையையும் தூக்குவான். ராமதாஸுக்கு அதுதான் தகுதி.

"பத்து சிட்டிங் வைத்தியம், கம்பெனி செலவு. அப்பவும் ஏறலன்னா கேட்ல உக்காந்து லாரி நம்பர் எழுது."

"கேட்டுக்குப் போவ மாட்டேன் சார். அங்க போயி கொசுவுக்கா சிக்னல் காட்டறது?"

கம்பெனி அனுப்பிய கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட், ராயபுரத்துப் பெண் ஷெர்லின். தோளில் ஜெல்லைத் தடவி, கைப்பிடி வைத்த வட்டமான உலோகத் தலை ஒன்றை அதன்மேல் சுழற்றிச் சுழற்றி ஓட்டினார். காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய் வலியைக் குறைக்கும், இறுக்கத்தை இளக்கும் என்றார். பிறகு சுவரில் விரல்களை நண்டுபோல நடக்கவிட்டுக் கையை ஏற்றும் பயிற்சி. வைத்தியத்தின் பெயர் அல்ட்ராசவுண்டு என்று கேள்விப்பட்டதும், யார்டில் கிரேன் ஓட்டுகிற அப்பாவு கேபினிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"மாமு, எத்தினி மாசம்?"

எட்டு சிட்டிங் ஓடியது. மெஷினில் பச்சை விளக்கு எரியும், நிமிடம் காட்டும் எண்கள் குறையும், பீப் அடிக்கும். ஜெயவேலுக்கு ஜெல்லின் சில்லிப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை. அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பலருக்கு ஒன்றும் தெரியாது என்று ஷெர்லின் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆனால் ஒன்பதாம் நாள் மேசைமேல் ஒரு தாள் கிடந்தது. கிளினிக் முதலாளி கம்பெனிக்கு அனுப்ப அடித்து வைத்த அறிக்கை: 'பத்து முறை அல்ட்ராசவுண்டு கொடுத்தும் பலனில்லை. யார்டு வேலைக்குத் தகுதியில்லை.' பத்தாவது சிட்டிங் பிறக்கவே இல்லை. அதற்குள் இறப்புச் சான்றிதழ் தயார்.

யார்டில் எந்தப் பெட்டியையும் ஒரே மூச்சில் தூக்க மாட்டார்கள். ஒரு அடி ஏற்றி, நிறுத்தி, தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே.

"ஏம்மா, நாங்க ஒரு அடி தூக்கிப் பாத்துட்டுதான் மேல ஏத்துவோம். உன் மெஷினுக்கு அந்த மாதிரி டெஸ்டு எதுனா கீதா?"

ஷெர்லின் மெஷினைத் திரும்பிப் பார்த்தார். "இருக்குண்ணே. காலேஜ்ல செஞ்சது."

உலோகத் தலையை மேல்நோக்கிப் பிடித்து, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, மெஷினைப் போட்டார். ஒலி வந்தால் தண்ணீர் கொதிப்பதுபோலத் துள்ள வேண்டும். பச்சை விளக்கு எரிந்தது. எண்கள் குறைந்தன. தண்ணீர் மட்டும் வேலைநிறுத்தத்தில் இருந்தது.

"எத்தினி நாளா செத்துக் கெடக்குது?"

"தெரியலண்ணே. நான் வந்து ஆறு மாசம், ஒரு தபாகூட டெஸ்ட் பண்ணல." ஷெர்லினால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "ஓடுற மெஷினா இருந்தாலும் அது மட்டும் மந்திரம் போடாது. செவுத்துல ஏத்துறீங்களே, அதான் பெரிய வைத்தியம். நெஞ்சு வரைக்கும் வந்த கை இப்ப காது வரைக்கும் வருது."

"அப்போ அத்த எழுது. மெஷின் செத்துச்சுன்னும் எழுது."

"முதலாளி என்ன வூட்டுக்கு அனுப்பிடுவாரு."

"எழுதலன்னா நான் ஜெல்லு தடவிக்கினு இங்கியே படுத்துக்குவேன். பெட்டு நல்லாத்தான் கீது."

ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடித்து வைத்த தாளைக் கிழித்தார். கையாலேயே புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதலாளி குதித்தார். ஆனால் அந்தச் சம்பளத்துக்கு வேறு ஆள் கிடைக்காது என்பதால் குதித்த இடத்திலேயே இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை யார்டில் ராமதாஸ் தாளைப் படித்தார். "மெஷின் செத்தா எனக்கென்னய்யா? கையத் தூக்கு."

இடது கை வானத்துக்குப் போனது. வலது கை காதோரம் நின்றது.

"அவ்ளோதானா? கேட்டுக்குப் போ."

"தலைக்கு மேல கை போற சிக்னல் நம்ம வேலைல ஒண்ணே ஒண்ணு சொல்லு சார், போறேன்."

ராமதாஸ் யோசித்தார். அவர் யோசித்து முடிக்கும்வரை ஜெயவேல் காத்திருக்கவில்லை. காதோரம் நின்ற கையிலேயே சுட்டுவிரலை நீட்டிச் சுழற்றினார். மேலே அப்பாவு கண்டுகொண்டார். பக்கத்தில் ஆளில்லாத காலிப் பெட்டி ஒன்று ஒரு அடி எழும்பியது. ஜெயவேல் முஷ்டியை மூடினார். பெட்டி அந்தரத்தில் நின்றது. அடுத்த சிக்னல் இல்லாமல் அப்பாவு அதை அசைக்க மாட்டார்.

பின்னால் கிரேனுக்காகக் காத்திருந்த மூன்று லாரிகள் ஹாரன் அடித்தன.

"எறக்கச் சொல்லுய்யா!"

"எறக்குறதுக்கு எனக்குத் தகுதி கீதுன்னு எழுதிக் குடு சார்."

கேபின் ஜன்னலிலிருந்து அப்பாவு கத்தினார்: "மாமு, கொயந்த பொறந்துச்சா?"

ஜெயவேல் மூடிய முஷ்டியை அசைக்கவில்லை. தோள் வலித்தது, முகத்தில் காட்டவில்லை. ராமதாஸ் சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.