மஸ்கட்டுக்குக் கூவிய குயில்

மேலகரத்தில் ஏசுதாசன் தன் மாடியில் ஒரு குயிலைக் கூண்டில் போட்டு வைத்திருக்கிறார், சாரல் மாதங்களில் சாயங்காலமானால் அது ஜலதோஷம் பிடித்தாற்போலக் கூவுகிறது என்று தெருவில் ஒரு பேச்சு. வனத்துறைக்கு மனு எழுதவும் ஒருவர் பேனா தேடினார். ஏறிப் பார்த்தால் குயில் இல்லை. ஒரு தகரப்பெட்டி, ஒரு தந்திச் சாவி, முன்னால் ஏசுதாசன்.

தொலைபேசி இலாகாவில் ஓய்வு பெற்றவர். லைசென்ஸ் வாங்கி, சொந்தமாகப் பெட்டி செய்து, வானலையில் மோர்ஸ் தட்டிப் பேசுகிறவர். எதிர்முனையில் மஸ்கட்டில் கடை வைத்திருக்கும் கடையநல்லூர்ப் பரீது. வாட்ஸ்அப் இல்லையா? இருக்கிறது. அதில் பரீது எல்லோருக்கும் ‘நல்லாருக்கேன்’ என்று அனுப்புவார். மனைவி ஜாஹிரா பீவி மௌத்தான பிறகு சோறு இறங்கவில்லை என்பதை ஏசுதாசனிடம் மட்டும், தட்டித்தான் சொல்வார்.

கூவுவது பெட்டிதான். அலைவரிசையைத் தீர்மானிப்பவை ஒரு கம்பிச்சுருளும் ஒரு கண்டன்சரும். ஆனால் டிரான்சிஸ்டரும் தன் உடம்புக்குள் ஒரு குட்டிக் கண்டன்சரை ஒளித்து வைத்திருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால் அது பருக்கும், அலைவரிசை இறங்கும். சாவியை அழுத்தியதும் பெட்டி கரண்டை இழுக்கும், வோல்டேஜ் தொய்யும், ஒலி ‘டியூவ்’ என்று வழுக்கும். பழைய வால்வுப் பெட்டிகளுக்கும் இந்தச் சீக்கு உண்டு. அருவியில் குளிக்க வந்தவர்கள் குற்றாலத்து லாட்ஜ்களில் வெந்நீர் ஹீட்டர் போடும் நேரத்தில் ஊர் வோல்டேஜே தொய்யும், கேட்கவே வேண்டாம்.

“உங்க சிக்னல் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கு சார்” என்று வானலையில் ஒருவர் சொன்னது ஏசுதாசனுக்குச் சுருக்கென்றது. மனைவி கிருபாவின் ரேடியோ அடாப்டரிலிருந்து வோல்டேஜை நிலையாகப் பிடிக்கும் மூன்று கால் ரெகுலேட்டரைக் கழற்றி, அலை பிறக்கும் இடத்தில் வைத்தார். வோல்டேஜ் அசையவில்லை. ஒலி கோடு கிழித்தாற்போல நின்றது.

அன்று பரீது பதில் தரவில்லை. மறுநாளும் இல்லை. ஏசுதாசனுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. பிறகு போன் வந்தது.

“ஏலே, என்கூடப் பேசப் பிடிக்கலன்னா சொல்லிருலே.”

“நான் தட்டிக்கிட்டுத்தாம்ல இருந்தேன்.”

“பொய் சொல்லாத. இரைச்சல்ல முள்ளத் திருப்பித் திருப்பி ஒன் கூவலத் தேடுதேன். யாரோ ஒரு தொர சுத்தமாத் தட்டிக்கிட்டுக் கெடந்தான், அடையாளங்கூடக் கேக்காமத் தாண்டிட்டேன். அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்லி அழ?”

“அந்தத் தொர நான்தாம்ல.”

“அப்போ பழையபடி வா” என்றது மஸ்கட்.

ஏசுதாசன் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைப் போட்டு ரெகுலேட்டரைப் பிடுங்கினார். சாயங்காலம் பெட்டி வெட்கமில்லாமல் கூவியது. அவர் தன் அடையாளத்தைத் தட்டி முடிக்குமுன் பரீது குறுக்கே வந்தார்: இன்று மீன்குழம்பு, உப்பு தூக்கல், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அவசரத்தில் பிடுங்கியதில் ரெகுலேட்டருக்கு ஒரு கால் ஒடிந்துவிட்டது. ஒரு வருஷம் ஆகியும் அது அவர் சட்டைப்பையில் கிடக்கிறது.

“மஸ்கட் வரைக்கும் கேக்குது” என்றாள் கிருபா. “என் ரேடியோ அடுக்களைக்குக் கேக்க மாட்டேங்குது.”

“நாளைக்கு மாட்டித் தாரேன்.”

“போன சாரலுக்கும் இதத்தான் சொன்னீங்க.”