சாக்கு கழித்த எடை

நமுனுகுல மலைச்சரிவில் தோட்டம் கைவிட்ட தேயிலைக் காணியில் ஒரு துண்டு, கோவா, லீக்ஸ் என்று மரக்கறி போட எனக்குக் கிடைத்தது. ஒரே நிபந்தனை: தண்ணீர் வடிய வெட்டி, கரையில் கல் அடுக்கிய பழைய கான்களில் ஒன்று இடிந்தாலும் தோட்டத்தார் காணியைத் திருப்பி எடுத்துவிடுவார்கள். கொழுந்து பறித்தவளுக்குக் காணி எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைத்தே தீருவது என்று இருந்தேன். அதற்கு முதலில் ஒரு டிராக்டர் வேண்டும்.

மொனராகலைக் கரும்புக் காட்டில் டிராக்டர் ஓட்டும் அண்ணன் பண்டாரவளைக் கடைக்குக் கூட வந்தான். ஐம்பது குதிரைத்திறனுக்குக் கீழே எதையும் அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சின்னதெல்லாம் பொம்மை தங்கச்சி. ஊரே சிரிக்கும்."

"சிரிச்சா சிரிக்கட்டும்ணே. கான் இடிஞ்சா ஊரா வந்து கட்டித் தரும்?"

அவனுக்குச் சமதரைதான் தெரியும். பக்கத்துக் காணியில் ஒன்றரை டன் வண்டி இறங்கி, மழையில் ஊறிய கரை அப்படியே சரிந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அதற்காக ரொம்ப இலேசாகவும் வாங்க முடியாது. ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற, இருபத்துநாலு குதிரைத்திறன் வண்டி ஒன்று மூலையில் நின்றது. கடை முதலாளி அட்டையைப் பார்த்து, "எண்ணூறு கிலோதான் அக்கா," என்றார்.

"சாக்கோடவா, சாக்கு கழிச்சா?" என்று கேட்டேன்.

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கு வெட்கமே வரவில்லை. இருபது வருடம் கொழுந்துத் தராசின் முன்னால் நின்றவள் நான். பறித்தது ஒரு எடை, எழுதியது வேறு எடை. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் கணக்கப்பிள்ளை தினமும் கழித்தார். யார் எடை சொன்னாலும் என் வாய் இதைத்தான் கேட்கும்.

"பின்னாடி மாட்டுற கலப்பை, பாரத்துக்கு முன்னாடி வைக்கிற இரும்பு, மேல உக்காருற ஆளு, எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லுங்க முதலாளி."

அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் கூட்டிப் பார்த்தார். ஆயிரத்து நூறைக் கொஞ்சம் தாண்டியது. அதை என் கரை தாங்கும். அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்திருக்க, அதையே வாங்கினேன்.

ஐப்பசியில் ஒரு வாரம் மழை ஊற்றியது. விட்ட மறுநாள் காணி பார்க்க ஆள் வந்தது. வந்தவர் அதே கணக்கப்பிள்ளை. இப்போது காணிகளுக்குப் பொறுப்பு அவர்தான். மடக்கிய குடையால் ஒவ்வொரு கானாகக் குத்திப் பார்த்துக்கொண்டே இறங்கினார். நான் கூடவே இறங்கினேன், தலை குனியாமல். ஒரு கல்லும் அசையவில்லை. கடைசியில் கான்கள் சரி என்று பத்திரத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு, டிராக்டரைத் தட்டினார்.

"இது எத்தன கிலோ வரும்?"

"சாக்கோடவா ஐயா, சாக்கு கழிச்சா?"

அவர் மழையே இல்லாத வானத்தின் கீழ் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தார்.